மண்வெட்டியோடு எல்லை கடந்தவர்: பியர் செரெசோல்

சுவிற்சர்லாந்தில் குடியுரிமை பெற்ற எங்களவர்களின் வீடுகளுக்கு, மகனுக்கு 18 வயதாகும்போது இராணுவத்திடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. அந்த நாட்டில் ஆண்களுக்குப் படைச்சேவை கட்டாயம். இங்கே ஒருபுறம் சுற்றிவளைப்பு, மறுபுறம் வீட்டுக்கு ஒருவர் என்ற ஆட்சேர்ப்பு. இரண்டிலிருந்தும் பிள்ளையைத் தப்பவைக்கக் காணியை ஈடுவைத்துக் கடல் கடந்த குடும்பங்களும் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கின்றன.

ஆனால் சுவிஸ் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. துப்பாக்கி ஏந்த மனச்சாட்சி இடம்தராதவர் சிவில் சேவையைத் தெரிவுசெய்யலாம். படையில் இருக்கவேண்டிய நாட்களைப்போல ஒன்றரை மடங்கு நாட்கள் வைத்தியசாலையிலோ, முதியோர் இல்லத்திலோ, மலைப் பண்ணையிலோ வேலை செய்யவேண்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு வெளிநாடொன்றில் நிவாரண, அபிவிருத்திப் பணிகளிலும் அந்த நாட்களைக் கழிக்கலாம். அதற்கும் படைச்சேவையைப் போலவே கொடுப்பனவு உண்டு. இலங்கையில் சிவில் சேவை என்றவுடன் எங்களுக்குக் கச்சேரியும் நிர்வாக சேவைப் பரீட்சையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் சிரமதானம். அதுவும் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட, எல்லை கடந்து போகக்கூடிய சிரமதானம்.

இந்த ஏற்பாட்டுக்காக வாழ்நாள் முழுவதும் தன் அரசாங்கத்துடன் மல்லுக்கட்டியவர் பியர் செரெசோல். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவர் இறந்து 51 வருடங்கள் ஆகியிருந்தன.

1879 ஓகஸ்ட் 17ஆம் திகதி லோசான் நகரில் பிறந்தார். தகப்பனார் போல் செரெசோல் சாதாரண ஆள் இல்லை. 1873இல் சுவிஸ் கூட்டாட்சியின் ஜனாதிபதியாக இருந்தவர், இராணுவத்திலும் உயர் பதவி வகித்தவர். ஒரு சகோதரர், ஏர்னெஸ்ட், படையில் கேணல். அரசாங்கமும் இராணுவமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த வீடு அது. பிற்காலத்தில் அதிகாரிகள் இவரைத் துரோகி என்று ஒரேயடியாக ஒதுக்கத் தயங்கியதற்கு அந்தக் குடும்பப் பெயரும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. பெயரில்லாத ஏழை விவசாயி ஒருவர் இதே காரியத்தைச் செய்திருந்தால் வரலாறு அவரைப் பதிந்திருக்குமா என்பது சந்தேகம்.

சூரிச்சில் பொறியியல் படித்து, கலாநிதிப் பட்டம் பெற்று, ஜேர்மனியிலும் மேற்படிப்பைத் தொடர்ந்தார். பேராசிரியராக உட்கார்ந்துவிடக்கூடிய நிலை. அதை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்க் கலிபோர்னியாவில் கூலி வேலை செய்தார். ஹவாயில் பிரெஞ்சு மொழி கற்பித்தார். ஜப்பானில் பொறியியலாளராக இருந்தார். 1914இல் முதலாம் உலக யுத்தம் வெடித்த காலத்தில் ஊர் திரும்பினார். தகப்பன் வழி வந்த சொத்தை அரசாங்கத்திடமே கொடுத்துவிட்டார். உழைக்காமல் வந்த பணம் தனக்கு வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். அப்போது அவர் அரசாங்கத்தின் எதிரி இல்லை.

அவரை மாற்றியது ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் சிறைவாசம். ஜோன் போத்ராஸ் என்ற அந்த இளைஞர் தன் கிறிஸ்தவ நம்பிக்கையின் பெயரில் ஆயுதம் ஏந்த மறுத்து 1915இல் சிறைக்குப் போனார். செரெசோல் படைச்சேவையிலிருந்து ஏற்கனவே விலக்கப்பட்டவர். அப்படி விலக்கப்பட்டவர்கள் இராணுவ வரி கட்டவேண்டும். அவர் அதுவரை கட்டித்தான் வந்தார். போத்ராஸ் உள்ளே இருக்கும்போது தான் காசைக் கட்டிவிட்டு வெளியே நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வரி கட்ட மறுத்தார். மிகச் சிறிய தொகைதான். அதற்காக ஒரு நாள் சிறை. அடுத்த தடவையும் மறுத்தார், மறுபடியும் சிறை. இது சாகும்வரை நீண்டது.

இவ்வளவுடன் நின்றிருந்தால் அவர் மறுப்பாளர்களின் பட்டியலில் இன்னொரு பெயராகப் போயிருப்பார். மறுப்பவன் ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருக்கக்கூடாது என்று நினைத்ததுதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. ஒரு படைவீரன் நாட்டுக்காக எத்தனை நாள் குளிரில் கிடக்கிறானோ, எவ்வளவு ஆபத்தை ஏற்கிறானோ, அதற்குக் குறையாத உழைப்பை மறுப்பவனும் தரவேண்டும். அந்த உழைப்பை எல்லைக்கு அப்பாலும் கொண்டுபோகவேண்டும். அரசாங்கம் அதைப் படைச்சேவைக்குச் சமமாக ஏற்கவேண்டும். அவருடைய கோரிக்கை இவ்வளவுதான். பேச்சு வேண்டாம், வேலை செய்து காட்டுவோம் என்பதே அவருடைய இயக்கத்தின் குணமாகவும் ஆனது.

யுத்தம் முடிந்ததும் நெதர்லாந்தின் பில்தோவனில் பல நாட்டுக் கிறிஸ்தவ அமைதிவாதிகள் கூடினார்கள். செரெசோல் அங்கே செயலாளர்களில் ஒருவரானார். ஜேர்மனியர் பிரான்சில் இடித்ததை ஜேர்மனியரும் சேர்ந்து கட்டித்தரலாமே என்ற யோசனை அந்தக் கூட்டங்களில்தான் உருவெடுத்தது. 1920 நவம்பரில் ஒரு சிறு குழு வெர்டன் அருகேயுள்ள எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனது.

வெர்டன் 1916இல் பல மாதங்கள் இடைவிடாமல் ஷெல் விழுந்த நிலம். எஸ்ன் கிராமம் 304ஆம் குன்றின் அடியில் இருந்தது. மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள், முட்கம்பிகள், மனித எலும்புகள். வீடுகளின் சுவர்கூட மிஞ்சவில்லை. முகமாலையையோ முள்ளிவாய்க்காலையோ மீள்குடியேற்றத்தின் முதல் மாதங்களில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. திரும்பி வந்த சனங்கள் தகரத்துக்கும் பலகைக்கும் கீழே இருந்தார்கள். குழுவில் செரெசோலும், கேணலான சகோதரர் ஏர்னெஸ்டும், நிவாரண அனுபவமுள்ள ஹியூபர்ட் பரிஸ் என்ற ஆங்கிலேயக் குவேக்கரும், சில ஜேர்மனியரும் இருந்தார்கள். மரத்தால் தற்காலிக வீடுகள் கட்டினார்கள். ஷெல் விழுந்த பள்ளங்களை நிரப்பினார்கள். பாதையைத் துப்புரவாக்கினார்கள்.

நேற்றுவரை ஷெல் அடித்த நாட்டுக்காரன் இன்று கூரை வேய வந்து நிற்கிறான். ஊர்ச் சனம் எப்படிப் பார்த்திருக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்க்கலாம். பக்கத்தில் நின்று வேலை செய்யச் செய்ய சிலர் பழகினார்கள். அதிகாரிகள் பழகவில்லை. ஜேர்மனியர் அங்கே இருப்பதை அவர்கள் விரும்பவில்லை. 1921 வசந்தத்தில், ஐந்து மாதங்களோடு, வேலை நின்றது. கட்டியது சில வீடுகள்தான். ஆனால் செரெசோலுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. தொண்டர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிடும் கை அரசாங்கத்தினுடையது. அந்தக் கையை அசைக்காமல் எந்த எல்லையையும் தாண்ட முடியாது.

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் நின்றவர்களுக்கு இந்தப் பாடம் வேறு விதமாக வந்தது. வன்னியிலிருந்து வெளியேறும்படி அரசாங்கம் கட்டளையிட்டதும், ஐ.நா. அலுவலகத்தின் வாசலை மறித்து, போகவேண்டாம் என்று சனங்கள் மன்றாடினார்கள். வாகனங்கள் போய்விட்டன. சுவிற்சர்லாந்தில் பிறந்த செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு மட்டும் நின்று, 2009இல் காயப்பட்டவர்களைக் கடல்வழியாக ஏற்றியது. வெளிநாட்டார் போகலாம், உள்ளூர்ப் பணியாளர் எங்கே போவது? 2006 ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 உதவிப் பணியாளர்களும் பிரெஞ்சு நிறுவனமொன்றின் சட்டையை அணிந்திருந்த இந்த மண்ணின் பிள்ளைகள்தான். அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

செரெசோல் ஊர் திரும்பிச் சட்டத்தைப் பிடித்தார். 1923இல் சிவில் சேவையை ஏற்கும்படி கோரி சுமார் 40,000 கையெழுத்துகளுடன் ஒரு மனு சுவிஸ் பாராளுமன்றத்துக்குப் போனது. வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பெயராக வாங்கிய காலம் அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டகையில் இருந்துகொண்டு கையெழுத்துச் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் பாரம் தெரியும். 1924இல் பாராளுமன்றம் மனுவை நிராகரித்தது.

பதிலுக்கு அவர் கூட்டம் போட்டுக் கத்தவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் லெ ஓர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு மூடிய நிலத்தைத் துப்புரவாக்கத் தொண்டர் படையொன்றைக் கூட்டினார். சட்டம் வேண்டாம் என்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நடத்தியே காட்டினார். இந்த முகாம்களில் கேணல் ஏர்னெஸ்ட் பெரிய துணை. காலையில் அணிவகுப்பு, நேரக் கட்டுப்பாடு, பணிப் பங்கீடு எல்லாம் இராணுவம் போல. யுத்தத்தை எதிர்ப்பவரின் முகாமை ஒரு கேணல் நடத்துவது முரணாகத் தெரியலாம். ஒழுங்கும் உழைப்பும் படைக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் இருவருக்கும் பொதுவான எண்ணம்.

பெண்களும் வந்தார்கள். சமையலும் துவைப்பும் தைப்பும்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. இதில் செரெசோல் தன் காலத்து ஆள்தான்.

1928இல் முயற்சி பெரிதானது. முந்தைய ஆண்டு ரைன் நதி உடைத்துப் பாய்ந்து லீக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களைக் கல்லும் மணலுமாக மூடியிருந்தது. பல நாடுகளிலிருந்து 700க்கும் மேற்பட்டோர் மாறி மாறி வந்து மாதக்கணக்கில் அள்ளினார்கள். 1930இல் தென்மேற்குப் பிரான்சின் வெள்ளப் பகுதி. 1931இல் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரின் ஊரான வேல்ஸின் பிரின்மோர். அங்கே ஊரவரும் தொண்டர்களும் சேர்ந்து நீச்சல் தடாகமும் பூங்காவும் அமைத்தார்கள். சர்வதேச சிவில் சேவை என்ற பெயர் இந்த வருடங்களில்தான் ஊன்றியது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். செரெசோலின் முகாம்கள் எதையும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. அரிசி மூட்டையோ காசோ போர்வையோ கிடையாது. கூலி வாங்காமல், பாதிக்கப்பட்டவருக்குப் பக்கத்தில் அதே சேற்றில் நிற்பதுதான் முறை. நான் இருக்கும் மாளிகாவத்தையில் 2020 மே 21ஆம் திகதி, பெருநாளுக்கு முன்னர், கொரோனாவால் வருமானமற்றுக் கிடந்த நாட்களில், தானமாகக் காசு கொடுக்கப்பட்ட இடத்தில் கூட்டம் நெரிந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். கொடுத்தவரின் மனதை நான் குறை சொல்லவில்லை. வரிசையில் நின்று கையேந்துவதற்கும் சேர்ந்து நின்று கட்டுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அதன்பின் பலமுறை யோசித்திருக்கிறேன். முகாம்களில் நிவாரண அட்டையோடு நின்றவர்கள் என்னைவிட இதை நன்றாக அறிவார்கள்.

அவருடைய வாழ்க்கையில் எங்களுக்கு மிக அருகில் வருவது பீகார். 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரையும் நேபாளத்தையும் பூமியதிர்ச்சி உலுக்கியது. 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலம் பிளந்து மணலைக் கக்கி வயல்களை மூடியது. செரெசோலுக்கு காந்தியை முன்பே தெரியும். 1931 டிசம்பரில், வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் காந்தி சுவிற்சர்லாந்தில் ரொமெய்ன் ரோலந்தின் விருந்தினராகத் தங்கியபோது, லோசானில் நடந்த கூட்டத்துக்குச் செரெசோல்தான் முன்னின்றார். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு, 54 வயதில், முதலில் நிலைமையைப் பார்க்கத் தனியே போனார். பிறகு சில தொண்டர்களுடன் திரும்பினார்.

பீகாரில் அப்போது இரண்டு அதிகாரங்கள் இருந்தன. ஒன்று பிரித்தானிய அரசாங்கம். மற்றது காங்கிரஸ். நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ராஜேந்திர பிரசாத், பூமியதிர்ச்சி நடந்தபோது அதே அரசாங்கத்தின் சிறையில் இருந்தவர். இரண்டு நாளில் விடுதலையாகி நேரே நிவாரண வேலைக்கு வந்தார். சிறை வைத்தவரும் சிறை இருந்தவரும் ஒரே இடிபாட்டுக்கு முன்னால் நின்றார்கள். செரெசோல் இரு பக்கத்தின் கதவையும் தட்டினார். கலெக்டரிடம் காணிக்குப் பேசினார், காங்கிரஸ்காரரிடம் ஆளுக்கும் பணத்துக்கும் பேசினார். எந்தப் பக்கத்தாள் என்று இரு பக்கமும் சந்தேகிக்க இடமிருந்தது. யாருக்கும் போட்டியாக வரவில்லை என்பதை அவருடைய சேறு படிந்த கால்கள்தான் காட்டின.

இதைப் படிக்கும்போது 2005 ஜூனில் கைச்சாத்தான சுனாமிப் பொதுக்கட்டமைப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து உதவியைப் பங்கிடும் அந்த ஏற்பாட்டின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. கரையோரத்தில் கொட்டகைகளில் இருந்தவர்கள் தொடர்ந்து அங்கேயே இருந்தார்கள். பீகாரில் இரு தரப்பும் ஒன்றையொன்று நேசித்ததால் வேலை நடக்கவில்லை. வேலையை நிறுத்தும் காரணத்தை எவரும் உடனே தேடவில்லை.

முசாபர்பூர் பகுதியில், வெள்ளம் அடிக்கடி ஏறும் தாழ்நிலக் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு நகர்த்திக் கட்டினார்கள். அப்படி எழுந்த ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர். கையளவு வெள்ளைக்காரரால் ஊர்களைக் கட்ட முடியாது. மண் சுமந்ததும் சுவர் எழுப்பியதும் பெரும்பாலும் அந்தக் கிராமத்தவர்கள்தான். ஐரோப்பாவில் எழுதப்பட்ட கதைகளில் இது சில வேளைகளில் மறைந்துபோகிறது. ஆனாலும் துரை என்றால் குதிரையில் இருந்து கட்டளையிடுபவர் என்று பழகிய நாட்டில், ஒரு வெள்ளைக்காரர் வெயிலில் மண்வெட்டி பிடித்தது சின்ன விடயமில்லை. 1937 வரை அவர் போய்வந்துகொண்டிருந்தார். இந்தக் காலத்தில்தான் குவேக்கர் சபையில் இணைந்தார்.

பீகார் வேலை முடியும்போது ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம். அவருடைய இயக்கத்தவர்கள் லொறிகளில் உணவு கொண்டுபோய், திரும்பும்போது குழந்தைகளையும் தாய்மாரையும் மத்ரித்திலிருந்து ஏற்றி வந்தார்கள். அதன்பின் இரண்டாம் உலக யுத்தம் எல்லா எல்லைகளையும் மூடியது.

அந்த யுத்தத்தில் அவர் செய்தது எனக்கு முழுமையாக விளங்காத காரியம். அனுமதியின்றி ஜேர்மன் எல்லையைத் தாண்டினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவைகள். ஜேர்மனியருடன் மனிதனாகப் பேசவேண்டும் என்று நினைத்தார். நாஸிகள் பிடித்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். சுவிஸ் அரசாங்கம் சிறையில் போட்டது. யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த ஒரு ஆட்சியிடம் தனி மனிதனின் நல்லெண்ணம் எதைச் சாதிக்கும்? இதை வெகுளித்தனம் என்று அவருடைய நண்பர்கள் சிலரே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதே நேரம், அறுபது வயதைத் தாண்டிய, 1941இல்தான் லிஸ் டேவிட்டைத் திருமணம் செய்து குடும்பமாகியிருந்த ஒருவர், எவரும் போகாத பக்கம் நடந்தார் என்பதையும் அழித்துவிட முடியாது. கடைசிச் சிறைவாசம் அவருடைய இதயத்தைப் பழுதாக்கியது. 1945 ஒக்டோபர் 23ஆம் திகதி லுத்ரி அருகே தன் வீட்டில் இறந்தார். ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கட்டவேண்டிய ஊர்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

அரசாங்கங்கள் பிறகு மெல்ல அசைந்தன. 1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில் தொண்டர் முகாம்களுக்கான ஒருங்கிணைப்புக் குழு உருவானது. 1958இல் பிரித்தானியாவில் அலெக் டிக்சன் கடல் கடந்த தொண்டர் சேவையைத் தொடங்கினார். சில வருடங்களில் அதற்கு அரசாங்கப் பணம் வந்தது. 1961இல் கென்னடி அமைதிப் படையை அமைத்தார். அடுத்த ஆண்டே அதன் தொண்டர்கள் இலங்கையில் இறங்கினார்கள். இங்கே ஆட்சி மாறும்போது அவர்கள் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. அரசாங்கப் பணம் வந்தால் அரசாங்கத்தின் தேவையும் கூடவே வரும். செரெசோல் கேட்டது தொண்டரை வெளிநாட்டுக் கொள்கையின் கருவியாக்குவதை இல்லை. இராணுவத்துக்குச் செலவழிக்கத் தயங்காத கை, மண்வெட்டிக்கும் செலவழிக்கவேண்டும் என்பதைத்தான். 2009க்குப் பிறகும் பாதுகாப்புக்குக் கோடி கோடியாக ஒதுக்கும் வரவுசெலவுத் திட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்த வேறுபாடு விளங்கும்.

அவருடைய சொந்த நாடுதான் கடைசியாக அசைந்தது. 1977இல் சிவில் சேவை மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. 1984இல் மறுபடியும் தோற்றது. அந்த வருடங்களில் ஆயுதம் ஏந்த மறுத்த சுவிஸ் இளைஞர்கள் வரிசையாகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து தப்பியோடிய எங்கள் இளைஞர்கள் அதே காலத்தில்தான் அந்த நாட்டில் அகதி மனுக்களோடு இறங்கினார்கள். 1992 மே 17ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 82.5 வீதமானோர் ஆம் என்றார்கள். 1996 ஒக்டோபர் 1ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் மனு கொடுக்கப்பட்டு எழுபது வருடங்களுக்கு மேல்.

ஆரம்பத்தில் விண்ணப்பதாரர்கள் தங்கள் மனச்சாட்சியை ஒரு குழுவின் முன் நிரூபிக்கவேண்டியிருந்தது. 2009இலிருந்து அந்த விசாரணை இல்லை. கூடுதல் நாட்களை ஏற்பதே போதிய சான்று. அதன்பின் விண்ணப்பங்கள் பெருகின. படைக்கு ஆள் குறைகிறது என்று சொல்லி இந்தத் தெரிவைக் கடினமாக்கும் யோசனைகள் சுவிஸ் பாராளுமன்றத்தில் மறுபடியும் மறுபடியும் வருகின்றன. எதிர்த்துக் கையெழுத்துச் சேர்த்தவர்களும் தெருக்களில் நின்றிருக்கிறார்கள். 18 வயதில் குடியுரிமையோடு இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் பெயர் எழுதும் உரிமை இருக்கிறது.